உரைகல்லும் எழுத்தாணியும்

பத்துப்பாட்டை அச்சிடும் முயற்சியில் இறங்கியிருந்த உ. வே. சாமிநாதையர், நல்ல பிரதி அகப்படாமல் பாண்டிநாட்டுக் கவிராயர்களின் வீடுகளைத் தேடி அலைந்த காலத்தில், தாமிரபரணியின் தென்கரையிலுள்ள ஆழ்வார்திருநகரிக்கு வந்து, லட்சுமண கவிராயரின் உதவியால் அவருடைய மாமனார் தேவர்பிரான் கவிராயர் வீட்டிலிருந்த சுவடியைப் பெற்ற வரலாறு தமிழ் படித்தவர்கள் அறிந்ததே. அந்நூல் 1889-ஆம் ஆண்டு வெளிவந்தது. நம்மாழ்வார் அவதரித்த திருக்குருகூர் என்பதனாலும், மாறனலங்காரம் இயற்றிய திருக்குருகைப் பெருமாள் கவிராயரின் ஊர் என்பதனாலும், ஏடு தேடுகிறவர்கள் நம்பிக்கையோடு வந்து இறங்கத்தக்க இடந்தான் அது. ஆனால் அந்நாளில் தமிழ்நாட்டு வீடுகளின் பரண்களில் கிடந்த சுவடிகளிற் பெரும்பகுதி காவியமும் இலக்கணமும் அல்ல. சோதிடம், மந்திரம், கணக்கு, எல்லாவற்றையும்விட மிகுதியாக வைத்தியம். காவியம் தேடி வந்தவர்கள் ‘வாகடம்’ என்று கண்டவுடன் கட்டை மறுபடி கட்டி இருந்த இடத்திலேயே வைத்திருப்பார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல நியாயமில்லை. ஒரு மனிதனுக்கு ஓர் ஆயுள்தானே!

அந்த வைத்தியச் சுவடிகளையும் தாண்டி, அதே வீடுகளின் பின்கட்டில், அடுக்களைக்கும் பிரசவ அறைக்கும் நடுவே, எந்தப் பரணிலும் வைக்கப்படாத வேறொரு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. பெண்களே அறிந்து, பெண்களே செய்து, பெண்களுக்கும் சிசுக்களுக்கும் கொடுத்து வந்த அந்த வைத்தியத்திற்கு ஏடு உண்டா என்று கேட்டால், நம்மவர்கள் பெரும்பாலும் இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஏன் இல்லை என்ற கேள்வி யாருக்கும் எழுவதில்லை. அக்கேள்வியை எழுப்பிக்கொள்வதற்கு, அத்தகைய ஏடுகள் ஏராளமாக உண்டான ஒரு தேசத்தைச் சற்று எட்டிப் பார்த்து வருவது நல்லது.

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் நிலபுலமும் குலப்பெருமையும் உடைய குடும்பங்களின் ஸ்திரீகள், தங்கள் குடும்பத்துக்கும் குடியானவர்களுக்கும் அக்கம்பக்கத்து ஏழைகளுக்கும் தாங்களே மருந்து செய்து கொடுத்தார்கள். அது பரோபகாரம் மாத்திரமன்று. ஒரு நல்ல கிருகிணியின் இலக்கணமாகவே மதிக்கப்பட்டது. 1615-இல் ஜெர்வாஸ் மார்க்கம் என்பவர் இங்கிலாந்து இல்லத்தரசியைப் பற்றி எழுதிய நூலில், அவளுக்கு வேண்டிய திறமைகளில் வைத்தியத்தை முன்வரிசையில் வைத்தார். மார்கரெட் ஹோபி என்ற சீமாட்டி தம் தினசரிக் குறிப்பில், தொழுகையையும் வீட்டுக் கணக்கையும் எழுதிய அதே பக்கங்களில், அண்டை அயலாரின் புண்களுக்குத் தாம் கட்டுப் போட்டதையும் எழுதி வைத்திருக்கிறார். நார்த்தாம்டன்ஷயரில் வாழ்ந்து 1620-இல் காலமான கிரேஸ் மில்ட்மே என்ற மாது மருந்துக் குறிப்புக்களைக் கட்டுக் கட்டாக வைத்திருந்தார். அவை அவர் மகளுக்குச் சேர்ந்தன.

இவ்வாறு எழுதப்பட்ட புத்தகங்களில் மேல்நோக்கித் திருப்பினால் பழப்பாகும் பணியாரமும், கீழ்நோக்கித் திருப்பினால் களிம்பும் கஷாயமுமாக இருக்கும். இன்ன சீமாட்டி சொன்னது, இன்ன அத்தை கொடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் மேலே பெயர் எழுதியிருக்கும். செய்து பார்த்துப் பலித்ததற்கு ‘சோதித்தது’ என்று பொருள்படும் லத்தீன் சொற்களை ஓரத்தில் குறித்திருப்பார்கள். பலிக்காததைக் குறுக்கே கோடிழுத்து அடித்திருப்பார்கள். இவற்றுள் மிகவும் பெயர்பெற்றது ஆன் ஃபான்ஷா என்பவருடைய புத்தகம். 1651-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அது எழுதத் தொடங்கப்பட்டது. எழுதியவர், வேடிக்கை என்னவென்றால், ஜோசப் அவெரி என்ற ஓர் ஆண்மகன். அம்மாளின் குறிப்புக்களை அவர் நன்றாகப் பிரதி செய்து கொடுத்தார். பின்னர் அந்தப் புத்தகம் 1678-இல் தாயிடமிருந்து மகள் காதரீனுக்குப் போயிற்று என்பது மகளின் கையெழுத்தாலேயே தெரிகிறது.

இந்த அம்மாளின் வாழ்க்கையை நாம் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவருடைய கணவர் ரிச்சர்டு ஃபான்ஷா, அரசருடைய கட்சியைச் சேர்ந்தவர்; உள்நாட்டு யுத்தத்தில் அக்கட்சி தோற்றபின் குடும்பம் நிலையாக ஓரிடத்தில் தங்காமல் ஊர் ஊராகவும் தேசம் தேசமாகவும் அலைந்தது. வாஸ்கோ ட காமா நம்முடைய மேலைக் கடற்கரைக்கு வந்த கதையைப் போர்த்துக்கீசிய மொழியில் பாடிய காமொயின்ஸின் காவியத்தை முதன்முதலில் ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே. 1655-இல் அது வெளிவந்தது. பிறகு அவர் போர்த்துகலுக்கும் ஸ்பெயினுக்கும் ஸ்தானாதிபதியாகச் சென்றார். மனைவியும் உடன் போனார். அவருடைய மருந்துப் புத்தகமும் உடன் போயிற்று. மாத்ரித் நகரத்தில் 1665-இல் சாக்கலேட் காய்ச்சும் பாத்திரம் ஒன்றைக் கண்டு, அதன் உருவத்தையே அப்புத்தகத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். பிறந்த வீட்டையும் உற்றாரையும் விட்டு அந்நிய தேசத்தில் பிள்ளை பெற்று வளர்க்க வேண்டிய ஒருத்திக்கு, கேட்ட மாத்திரத்தில் சொல்லத் தாயோ பாட்டியோ அருகில் இல்லாத ஒருத்திக்கு, இப்படியொரு புத்தகம் எவ்வளவு அவசியம் என்பதை யூகித்துக்கொள்ளலாம். எழுத்தறிவும் காகிதமும் ஓய்வும் இருந்ததனால் இங்கிலாந்துப் பெண்கள் எழுதினார்கள் என்று சொல்வது வழக்கம். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று. எழுத வேண்டிய நெருக்கடியும் அவர்களுக்கு இருந்தது.

அக்காலத்து ஆங்கில மருந்துகளில் ஒன்று நம்முடைய கடற்கரைக்கு உறவானது. கென்ட் பிரபுவின் மனைவியான எலிசபெத் கிரே காலமான பின்பு, 1653-இல் அவர் பெயரால் ஒரு சிறு வைத்திய நூல் அச்சாகிப் பல பதிப்புக்களாக விற்பனையாயிற்று. காய்ச்சலுக்கும் விஷத்துக்கும் கொடுக்கப்பட்ட அவருடைய சூரணத்தில் முத்து, பவளம், நண்டுக்காலின் கறுத்த நுனி முதலியவை சேர்ந்தன. அதே வகைச் சூரணங்களின் வேறு சில பாடங்களில் கீழ்த்திசையிலிருந்து வந்த கோரோசனக் கல்லும் உண்டு. முத்துக் கிடைக்கும் கடல் உலகத்தில் சிலவே. அவற்றுள் பாரசீக வளைகுடாவும் மன்னார் வளைகுடாவும் தலைமையானவை. கொற்கையும் காயலும் தூத்துக்குடியும் மாறி மாறிச் சிறப்படைந்த இந்த முத்துக்குளித்துறையில், நகைக்கு ஆகாத பொடிமுத்துக்களை என்ன செய்தார்கள் என்றால், மருந்துக்காரர்களுக்கு விற்றார்கள். நம்முடைய பண்டிதர்கள் அவற்றைப் புடமிட்டு முத்துப் பற்பமும் முத்துச் சுண்ணமும் செய்தார்கள். சங்கும் பவளமும் அவ்வாறே பற்பமாயின. லண்டன் நகரத்துச் சீமாட்டியின் அலமாரியிலும் தாமிரபரணிக் கரைப் பண்டிதரின் மருந்துப் பெட்டியிலும் ஒரே வகைக் கடற்படு பொருள் இருந்தது. கோரோசனையோ பண்டிதரையும் கடந்து பின்கட்டிற்குள் நுழைந்துவிட்டது: மாந்தத்திற்கும் சளிக்கும் தாய்ப்பாலில் இழைத்துச் சிசுவுக்குக் கொடுப்பது நம் பாட்டிகளின் நித்திய வழக்கம்.

இனி அந்தப் பின்கட்டிற்கே போவோம். பெண்களின் வைத்தியத்தில் நடுநாயகமானது உரைமருந்து. சுக்கு, வசம்பு, கடுக்காய், சாதிக்காய், மாசிக்காய், சித்தரத்தை, பெருங்காயம்—வீட்டுக்கு வீடு ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். குழந்தை பிறப்பதற்கு முன்பே கடையிலிருந்து வாங்கி வந்து, சுக்கு, கடுக்காய் முதலியவற்றைச் சோறு வேகும் உலையில் போட்டு அரிசியோடு சேர்த்து வேகவைத்து எடுத்து, நிழலில் நன்றாக உலர்த்தி, ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொள்வார்கள். வசம்பை மாத்திரம் விளக்கெண்ணெய் தடவி விளக்குச் சுடரில் கருக்கிக்கொள்வார்கள். குழந்தையைக் குளிப்பாட்டித் தலை துவட்டியவுடன், உரைகல்லில் சில துளி தாய்ப்பாலோ வெந்நீரோ விட்டு, ஒவ்வொரு மருந்தையும் எடுத்து இத்தனை சுற்று என்று இழைப்பார்கள். ஒன்று இரண்டு சுற்று, மற்றொன்று ஒரே சுற்று. குழந்தைக்கு மாதம் ஏற ஏறச் சுற்றும் ஏறும். வயிறு இளகியிருந்தால் மாசிக்காய்க்கு ஒரு சுற்றுக் கூடும். இறுகியிருந்தால் கடுக்காய்க்குக் கூடும். கல்லில் திரண்ட அந்த விழுதைச் சங்கில் வழித்து, குழந்தையை நீட்டிய காலின்மேல் கிடத்திக்கொண்டு, சங்கின் மூக்கை இதழோரத்தில் வைத்துப் புகட்டுவார்கள். அந்தச் சங்கும் இக்கடலில் விளைந்ததுதான். தூத்துக்குடியில் முத்து, சங்கு குளிப்புக்களை மேற்பார்த்து வந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் இந்தியச் சங்கைப் பற்றி எழுதிய நூலில், தென்னாட்டில் சிசுக்களுக்குப் பால் புகட்டும் பாத்திரமாகச் சங்கு பயன்படுவதையும் குறித்திருக்கிறார்.

இந்தத் துணிமுடிச்சை அவிழ்த்துப் பார்த்தால் ஒரு வர்த்தக சரித்திரமே உள்ளே இருக்கிறது. சுக்கு, மலைப்பாதை வழியாக மலையாளத்திலிருந்து வந்தது. கடுக்காய் மேற்கு மலைக் காடுகளில் விளைந்தது. பெருங்காயம் பாரசீக, ஆப்கானிய நாடுகளின் வறண்ட மலைச்சரிவுகளில் ஒரு செடியின் பால். மாசிக்காய், பெயரில் காயே ஒழிய காயன்று. மேற்காசியாவில் ஒருவகை மரத்தில் சிறு பூச்சி துளைத்ததனால் உண்டாகும் வீக்கம். சாதிக்காயோ, பந்தா என்ற சிறு தீவுக்கூட்டத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் நெடுங்காலம் விளையாதது. அதற்காக டச்சுக்காரர்கள் அத்தீவு மக்களை 1621-இல் கொன்று குவித்தார்கள். அதே டச்சுக் கம்பெனியார் 1658-இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினார்கள். ஆழ்வார்திருநகரியில் வாசற்படி தாண்டாமல் வாழ்ந்த ஒரு பாட்டி, இத்தனை கடல்களும் கடந்து வந்த சரக்கை, எங்கிருந்து வந்தது என்று கேளாமலே, தன் மணிக்கட்டின் கணக்கால் ஆண்டுகொண்டிருந்தாள்.

வசம்பைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. சென்னை இராணுவத்தில் வைத்தியராக இருந்த வொயிட்லா எயின்ஸ்லி, 1813-இல் சென்னையில் அச்சிட்ட இந்திய மருந்துச் சரக்கு நூலில், தமிழ்ப் பெயர்களோடு நூற்றுக்கணக்கான பொருள்களை விவரித்தார். குழந்தைகளின் வயிற்று நோய்க்கு வசம்பு அவ்வளவு அவசியமாகக் கருதப்படுவதால், நடுநிசியில் ஒருவர் வந்து கேட்டாலும் கதவைத் திறந்து அதைக் கொடுக்காத மருந்துக் கடைக்காரனுக்கு அபராதம் உண்டு என்று அவர் அதில் தெரிவிக்கிறார். அந்த அபராதத்தை ஏற்படுத்தியவர்கள் பெண்கள் அல்ல. ஆனால் பெண்களுடைய வைத்தியத்திற்குக் கடைத்தெருவும் கட்டுப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. வசம்பை வீடுகளில் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘பேர் சொல்லாதது’ என்பார்கள், ‘பிள்ளை வளர்ப்பான்’ என்பார்கள். கடைக்காரருக்கும் அது புரியும்.

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்து இன்னும் விரிவானது. நதிக்கரைக் கிராமங்களிலும் தேரிக்காட்டுப் பக்கத்திலும் உடன்குடிக் கருப்பட்டியும் சுக்கும் நல்லெண்ணெயும் முதன்மை பெறும். வைணவ அந்தணர் வீடுகளில் சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு, திப்பிலி, பெருங்காயம் இவற்றை வறுத்து இடித்த அங்காயப் பொடியைச் சூடான சோற்றில் நெய்விட்டுப் பிசைந்து முதற்கவளமாகக் கொடுப்பார்கள். ஆசாரத்தில் சிறிதும் இளகாத அவ்வீடுகளில், வருஷம் முழுவதும் படியேறாத பூண்டு, பிரசவ காலத்தில் மாத்திரம் ஔஷதம் என்ற பெயரோடு உள்ளே வந்துவிடும். சாஸ்திரத்தை இப்படி வளைக்க எந்தப் பண்டிதர் அனுமதி கொடுத்தார் என்று தெரியவில்லை. கொடுத்தவர் ஒரு மாமியாராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இத்தனை நுட்பமான ஒரு வித்தை ஏன் ஏட்டில் ஏறவில்லை? எழுத்தறிவின்மை ஒரு காரணம் என்பதை யாரும் மறுக்க முடியாது. 1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் ஆயிரத்துக்குப் பத்துப் பேர்கூட இல்லை. எழுத்தாணியும் ஏடும் பண்டிதர் கையிலும் கணக்கர் கையிலும் இருந்தன. பெண்ணுக்கு அந்த ஏட்டுக்குள் ஓர் இடம் இருந்தது உண்மை. ஆனால் விசித்திரமான இடம். நம்முடைய வைத்தியச் செய்யுட்களில் பெரும்பாலானவை ஒரு பெண்ணை விளித்துச் சொல்வதாகவே அமைந்திருக்கும். பதார்த்த குண சிந்தாமணியைத் திறந்தால், பாட்டுக்குப் பாட்டு ஒரு மாதை அழைத்து இன்ன கீரைக்கு இன்ன குணம் என்று புலவர் உபதேசிப்பதைக் காணலாம். அழைக்கப்படுகிற அந்த மாது, எதுகைக்கும் மோனைக்கும் இடம் நிரப்ப வந்தவள். சுக்கின் குணத்தை அவளுக்குச் சொல்லத் துணிந்த புலவர்களில் எத்தனை பேர் தம் வீட்டுப் பெண்களிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்களோ! தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசு புரிந்த இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மகாலில் மருந்துகளைப் பரீட்சித்துத் தேர்ந்தவற்றைப் புலவர்களைக் கொண்டு தமிழ்ச் செய்யுளாக்குவித்தார். சரபேந்திர வைத்திய முறைகள் என்ற அவ்வரிசையில் கர்ப்பிணிகளுக்கும் பாலர்களுக்கும் உரிய சிகிச்சையும் உண்டு. விஷயம் பெண்களுடையது, பாடியவர்கள் ஆண்கள்.

ஆயினும் எழுத்தறிவின்மையே முழுக் காரணம் என்றால், எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் இருந்த இடங்களில் ஏடுகள் குவிந்திருக்க வேண்டும். ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே, கடற்கரையில், காயல்பட்டினத்து முஸ்லிம் பெண்கள் தமிழை அரபு லிபியில் எழுதும் அரபுத்தமிழைக் கற்றிருந்தார்கள். கீழக்கரையில் ஆசியா உம்மா என்ற அம்மையார் அவ்வழியில் ஞானப் பாடல்களே இயற்றியிருக்கிறார். பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் மிஷன் பள்ளிகளில் படித்த கிறிஸ்தவப் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடிதம் எழுதினார்கள், ஆசிரியைகளாகவும் இருந்தார்கள். இவர்கள் வேதமும் பாட்டும் எழுதினார்களேயன்றி, உரைமருந்தின் கணக்கை எழுத வேண்டும் என்று இவர்களுக்குத் தோன்றியதாகக் காணோம்.

காரணம் நம்முடைய ஒரு சம்பிரதாயத்தில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும் என்பது சாதிபேதமின்றி இந்நாட்டில் ஆண்ட நியதி. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ பெண்ணை அழைத்து வந்து, பிள்ளை பெற்று, தீட்டுக் கழிந்து, குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆனபின் சீரோடு அனுப்புவார்கள். அந்த மாதங்களில் அவள் வெறும் நோயாளி அல்லள், மாணவியுமாவாள். தன் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துத் தாய் மாசிக்காய்க்கு ஒரு சுற்றுக் கூட்டுவதைப் பக்கத்திலிருந்து தினந்தோறும் பார்க்கிறாள். தனக்கு அரைத்த மருந்தைத் தானே விழுங்கி அதன் காரத்தை நாக்கால் படிக்கிறாள். மருத்துவச்சி வந்து போகும்போது தாய்க்கும் அவளுக்கும் நடக்கும் வாதத்தைக் கேட்கிறாள். தங்கைமாரும் கூட இருந்து பார்க்கிறார்கள். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் அதே பாடம் மறுபடி நடக்கிறது. இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? காயல்பட்டினத்திலோ இதற்கும் ஒருபடி மேல்: அங்கே கல்யாணமான பின்பும் பெண் தாய்வீட்டிலேயே இருக்க, மாப்பிள்ளைதான் வந்து போவார். தாயும் மகளும் பேத்தியும் ஒரே கூரையின்கீழ் இருக்கும்போது எதை யாருக்கு எழுதி அனுப்புவது?

மேலும், அந்த வித்தையின் அளவுகள் எழுத்துக்கு எளிதில் அகப்படாதவை. ஒரு சுற்று என்றால் எவ்வளவு? கல்லின் சொரசொரப்பையும் கையின் அழுத்தத்தையும் பொறுத்தது. சுண்டைக்காயளவு, கொட்டைப்பாக்களவு, ஒரு விரற்கடை, நான்கு விரல் கூட்டி அள்ளியது—இவை கையையும் கண்ணையும் பழக்கிய பிறகே பொருள் தருவன. பண்டிதருடைய ஏட்டில் கழஞ்சும் பலமும் வராகனெடையும் இருக்கும். நிறுக்கத் தராசு இருக்கும். அவருக்கு வரும் நோயாளி அந்நியன். பாட்டிக்கு நோயாளி தன் மடியில் கிடக்கும் பேரன். அவனையே நிறுத்துப் பார்த்து அவனுக்குத் தக்க மருந்து இழைத்தாள்.

இவ்வாறு சொல்வதனால் அவர்கள் கொடுத்த மருந்தெல்லாம் அமிர்தம் என்று நினைத்துவிடலாகாது. பிறந்த குழந்தைகளில் பல ஓராண்டு நிறையுமுன் இறந்த காலம் அது; உரைமருந்து குடித்த குழந்தைகளும் இறந்தன. பேதிக் காய்ச்சலின் முன்பும் அம்மையின் முன்பும் முத்துச் சூரணம் குடித்த ஆங்கிலப் பிரபுக்களும் வசம்பு வளையல் பூண்ட நம் சிசுக்களும் ஒரே நிலையில்தான் நின்றார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றி வேறெதுவும் கொடுக்கலாகாது என்று இன்றைய மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லே கேட்கத்தக்கது. இங்கே நாம் பேசுவது சரித்திரம், சிகிச்சை அன்று.

அந்தப் பள்ளிக்கூடம் எப்போது கலையத் தொடங்கியது? முத்துக்குளித்துறைக்கு ஐரோப்பிய வைத்தியம் புதிதன்று. பதினாறாம் நூற்றாண்டின் நடுவிலேயே, தமிழை அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் ஓர் ஆஸ்பத்திரி நடத்தினார். ஆனால் அது பிரசவ அறையைத் தொடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆழ்வார்திருநகரிக்கு அருகேயுள்ள நாசரேத்தில் மிஷன் வைத்தியசாலை ஏற்பட்டபோதும் மெல்லத்தான் மாறுதல் வந்தது. கிரைப் வாட்டர் புட்டி வந்தது. 1851-இல் நாட்டிங்காமில் ஒரு மருந்துக்கடைக்காரர் செய்த அந்தத் தண்ணீரின் சாரம் சதகுப்பை எண்ணெய். சதகுப்பையோ நம் பாட்டிகளுக்குப் பழகிய சரக்கு. பிற்காலத்தில் அதற்குத் தமிழில் விளம்பரம் செய்தவர்கள் ஒரு பாட்டியின் வாயாலேயே அதைச் சிபாரிசு செய்வித்தார்கள். வியாபாரிகளுக்கு அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும்.

உண்மையான மாறுதலைக் கொண்டுவந்தவை ரயிலும் கப்பலும். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு இரவில் ஏறினால் மறுநாள் காலையில் இறங்கலாம் என்ற நிலை வந்தபின், தாமிரபரணிக் கரையிலிருந்து கடை வைக்கவும் கணக்கெழுதவும் போனவர்கள் நாளடைவில் மனைவிமாரையும் அழைத்துக்கொண்டார்கள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரங்கூனிலும் உத்தியோகம் ஆனவர்களின் மனைவியர், முதற் பிரசவத்திற்கு ஊர் வந்தாலும் மூன்றாவதற்கு வரமுடியவில்லை. ஆன் ஃபான்ஷாவுக்கு மாத்ரிதில் நேர்ந்தது இவர்களுக்குப் பம்பாய்த் தாதரிலும் கொழும்பு வெள்ளவத்தையிலும் நேர்ந்தது. அதற்குள் பெண்கள் பள்ளிக்கூடத்திலும் இரண்டு தலைமுறை கழிந்துவிட்டது. குழந்தைக்கு மாந்தம், என்ன கொடுப்பது என்று மகள் கார்டு போட, தாய் சொல்லச் சொல்லக் கடைசித் தங்கை பதில் எழுதினாள். தமிழ்நாட்டுப் பெண்களின் மருந்தேடு இப்படித்தான் பிறந்தது: தபால் கார்டாகவும், பழைய பள்ளி நோட்டுப் புத்தகத்தின் கடைசித் தாள்களாகவும். சமையலிலும் இதே கதைதான். 1951-இல் சமைத்துப் பார் என்ற நூலின் முதற் பாகத்தை வெளியிட்ட எஸ். மீனாட்சி அம்மாளிடம், தூரத்திலிருந்த உறவுப் பெண்கள் பக்குவம் கேட்டுக் கடிதம் எழுதிய வண்ணம் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதைவிடப் புத்தகமாகவே எழுதிவிடலாமே என்று உறவினர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் யோசனை சொன்னார்.

அச்சேறிய சமையல் தப்பிப் பிழைத்தது. நோட்டுப் புத்தகத்து மருந்து அவ்வளவு பாக்கியம் செய்யவில்லை. இங்கிலாந்திலும் அப்படித்தான்: 1747-இல் சமையல் நூல் எழுதிய ஹன்னா கிளாஸ், வைத்தியத்தில் தலையிடுவதில்லை என்று சொல்லிக்கொண்டு, வெறிநாய்க்கடிக்கும் கொள்ளை நோய்க்கும் மாத்திரம் இரண்டு மருந்து கொடுத்து நிறுத்திக்கொண்டார். இருப்பினும் ஆன் ஃபான்ஷாவின் புத்தகம் ஒரு நூல்நிலையத்தை அடைந்து, படிப்பாரும் ஆராய்வாரும் பெற்றிருக்கிறது. நம் வீடுகளில் பழுதான ஏடுகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றோடு விட்டார்கள். பழுதான நோட்டுப் புத்தகங்கள் பழைய காகிதக்காரனோடு போகின்றன.

எஞ்சியவை கிடைத்தாலும் படிப்பது எளிதன்று. மருந்துச் சரக்கை நம் பெண்கள் எடையாக வாங்கவில்லை, காசாக வாங்கினார்கள். காலணாவுக்கு ஓமம், அரையணாவுக்குச் சித்தரத்தை, ஓரணாவுக்குத் திப்பிலி என்றுதான் கடைச்சீட்டிலும் எழுதினார்கள், மகளுக்குப் போட்ட கார்டிலும் எழுதினார்கள். உலக யுத்தத்தில் விலை ஏறியது. 1957-இல் அணாவே போய் நயாபைசா வந்தது. கொழும்புக்குப் போன கார்டில் காலணாவுக்கு ஓமம் என்று கண்டால், அது எத்தனை கழஞ்சு என்று அறிவதற்கு அந்த வருஷத்தில் தூத்துக்குடிக் கடையில் ஓமம் என்ன விலைக்கு விற்றது என்பதைத் தேட வேண்டும். அதற்குப் பழைய மளிகை வியாபாரிகளின் பேரேடுகளைப் புரட்ட வேண்டும். அவற்றை வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் சில இருக்கின்றன. அவர்களுடைய பரணிலும் ஒருவர் ஏறிப் பார்க்கலாம்.